வள்ளியம்மை போட்ட பூஜ்யம்

பிஸ்கட் அளவுள்ள ஓர் அலுமினிய வில்லையை வைஸில் இறுக்கிவிட்டு, அரத்தால் அதன் முகத்தை ராவிக்கொண்டிருந்தாள் வள்ளியம்மை. ராவிய இடம் பளபளவென்று இருக்க வேண்டும். அதில் விரல் படக் கூடாது. பட்டால் வியர்வையின் உப்பையும் சேர்த்து மெஷின் படித்துவிடும். விளிம்பைப் பிடித்து எடுத்து மெஷினில் வைத்தாள். மெஷின் அந்த முகத்தில் ஒரு பொறியை அடித்து, சிலிக்கான் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று திரையில் காட்டியது. இரும்பு 0.16. 0.20-ஐத் தாண்டாதவரை கவலையில்லை. வெளியே உலையில் நானூறு கிலோ உருகிய உலோகம் அவள் தலையசைப்புக்காகக் காத்திருந்தது. அவள் கதவைத் திறந்து தலையை நீட்டி, "டீக் ஹை, டாலோ" என்று ஊற்றச் சொன்னாள். அச்சுகளில் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

டெல்லி மாயாபுரித் தொழிற்பேட்டையில் சுனேஜா காஸ்டிங்ஸ் என்ற அந்தப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. தண்ணீர்ப் பம்புகளுக்கான அலுமினியக் கூடுகளை வார்க்கிற இடம். இருபத்தாறு பேர் வேலை செய்தார்கள். வார்த்ததெல்லாம் குருகிராமிலிருந்த ஒரு பெரிய பம்பு கம்பெனிக்குப் போகும். அங்கே பம்பாகி ஜெர்மனிக்குக் கப்பல் ஏறும். வேறு வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ள யாரும் கிடையாது.

வள்ளியம்மைக்கு ஐம்பத்தாறு வயது. திருச்செங்கோட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். விமானப்படையில் ஸ்டோர் கீப்பராக இருந்த ரத்தினவேலுக்குக் கட்டிக்கொடுத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு வந்ததும், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலையில் சேர்ந்தாள். இடது முன்கையில் மூன்று தீத்தழும்புகள். மூன்றும் வந்த முதல் வருஷத்தில் பட்டவை. அதற்குப் பிறகு அவளுக்கும் படவில்லை, மற்றவர்களுக்கும் குறைந்துவிட்டது. சுட்டுக்கொண்டவனை இருபது நிமிஷம் குழாயடியில் நிறுத்தி வைப்பாள். பற்பசை தடவ வந்தவனை விரட்டுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'அம்மாஜி'.

உலோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டறையின் பின்முற்றத்தில் பழைய கார் சக்கரங்கள் மலைபோல் குவிந்திருக்கும். டயர் இல்லாத அலுமினிய அலாய் சக்கரங்கள். மாயாபுரியில் பழைய கார்களைப் பிரித்துப் போடுகிறவர்களிடமிருந்து எடை போட்டு வாங்குவது. பில் கிடையாது, சீட்டு கிடையாது. அந்தத் தெருவில் யாருக்குமே கிடையாது. அந்தச் சக்கரத்து உலோகமும் பம்புக் கூட்டுக்கு வேண்டிய உலோகமும் ஒரே கலவை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஈயத் துண்டுகளை நெம்பி எடுத்து, காற்று அடைக்கும் பித்தளை வால்வைப் பிடுங்கி, உருக்கிக் கொஞ்சம் புது அலுமினியக் கட்டி, அதாவது இங்காட், சேர்த்தால் போதும். அந்த நெம்புதலும் பிடுங்குதலும் ஒரு சக்கரத்தில்கூடத் தவறாமல் நடக்க ஏற்பாடு செய்தவள் வள்ளியம்மைதான். அவள் சரியில்லை என்று திருப்பிய உலோகம் உண்டு. சரியில்லாமல் வெளியே போன உலோகம் இல்லை.

ஆனால் பம்புக் கூட்டுக்குக் கம்பெனி தந்த வரைபடத்தில் 'புது உலோகம் மட்டும்' என்று போட்டிருந்தது. பழையது என்றாலே தரம் மட்டம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். ஒவ்வொரு லோடோடும் போகும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் கலவை எண்களை அவள் எழுதுவாள். அதற்குக் கீழே 'மூலப்பொருள்: புது இங்காட்' என்று முன்னமே அச்சடித்திருக்கும். சேர்ந்த முதல் வாரத்தில் அவள் கேட்டாள். சுனேஜா சிரித்தார்.

"மேடம் ஜி, கஸ்டமருக்குச் சாப்பாட்டைத்தான் காட்டணும். சமையல்கட்டுல அவருக்கு என்ன வேலை?"

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு பதினெட்டு வருஷம் போட்டாள்.

இதற்காகப் பட்டறையில் ஒரு வழக்கமே இருந்தது. வெளியாள் வந்தால் வாசல் காவலாளி மணியை இரண்டு முறை அடிப்பான். உடனே நான்கு பேர் ஓடிப்போய்ச் சக்கரக் குவியலின்மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். முன்னால் ஐம்பது புது இங்காட்டுக் கட்டிகளை வெள்ளித் தட்டுபோல் அடுக்கி வைத்திருக்கும்.

அன்றைக்கும் மணி இரண்டு முறை அடித்தது.

வந்தவள் கவிப்ரியா. பம்பு கம்பெனியில் புதிதாகத் திறந்த ஒரு பிரிவில் வேலை செய்கிற பெண். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. கம்பெனிக்குப் பாகங்கள் தரும் நாற்பது பட்டறைகளையும் கரிப்புகை குறைந்த உலோகத்துக்கு மாற வைப்பதுதான் அவள் பொறுப்பு. மார்ச் மாதம் நாராயணாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பது பேரையும் உட்கார வைத்து, சமோசா கொடுத்து, படம் போட்டு விளக்கினாள். சுனேஜா அதில் சமோசா வரைக்கும் இருந்தார்; கூடப் போன வள்ளியம்மை கடைசி வரைக்கும் இருந்தாள். அதன் பிறகு கம்ப்யூட்டரில் பதினான்கு பக்கக் கேள்வித்தாள் வந்தது. அதை நிரப்பி அனுப்பியவள் வள்ளியம்மை.

"வா கண்ணு, உக்காரு. நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாரு" என்று ஸ்டூலைத் தள்ளினாள் வள்ளியம்மை. "தண்ணி குடி முதல்ல."

"தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க தமிழ்னு மீட்டிங்லயே நெனச்சேன்."

"எந்த ஊரு நீ?"

"அப்பா திண்டுக்கல். நான் பொறந்ததே இங்க ஆர்.கே.புரம். என் தமிழ் கொஞ்சம் கிச்சடி மாதிரிதான் இருக்கும், சிரிக்காதீங்க."

"கிச்சடி தின்னாலும் வயிறு நெறையுமல்லோ. சொல்லு அம்மிணி."

கவிப்ரியா லேப்டாப்பைத் திறந்தாள். நாற்பது பெயர்கள், மூன்று நிறங்கள். மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. சிவப்பின் கடைசி வரியில் சுனேஜா காஸ்டிங்ஸ்.

"ஆன்ட்டி, நாப்பது பேர்ல நீங்கதான் லாஸ்ட். எனக்கே புரியல. உங்க கேஸ் பில் சின்னதா இருக்கு, கரண்ட் பில் சின்னதா இருக்கு, வேஸ்ட்டே இல்ல. ஆனா மெட்டல்ல மாட்டிக்கிறீங்க. மத்லப், அதாவது, மண்ணுலேர்ந்து எடுக்கற புது அலுமினியம் இருக்கில்ல, அதுக்குப் பேய் மாதிரி கரண்ட் வேணும். அந்தக் கரண்ட் நிலக்கரியில வருது. ஒரு கிலோ மெட்டலுக்குப் பதினஞ்சு கிலோவுக்கு மேல கார்பன். பழசை உருக்கினா ஒரு கிலோகூட வராது. நீங்க ரீசைக்கிள் எத்தனை பர்சென்ட்ங்கற இடத்துல ஜீரோ போட்டிருக்கீங்க. மத்தவங்கல்லாம் இருபதாவது போட்டிருக்காங்க."

வள்ளியம்மைக்கு அந்தக் கேள்வி நினைவிருந்தது. இரண்டு உருக்கல்களுக்கு நடுவே ஒரு மத்தியானம் உட்கார்ந்து நிரப்பியது. 'பழைய உலோகம் எத்தனை சதவீதம்?' என்று வந்ததும், சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்கிற மாதிரி, யோசிக்காமல் விரல் தானாகப் பூஜ்யத்தைத் தட்டியிருந்தது. பதினெட்டு வருஷப் பழக்கம். உண்மையைப் போட்டிருந்தால் எண்பது என்று வந்திருக்கும். பட்டியலின் தலையில் பெயர் இருந்திருக்கும். இருக்கிறதிலேயே நல்ல விஷயத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"ஏன் கண்ணு, அந்த ஜீரோவு..." என்று அவள் ஆரம்பித்தபோது, டீத் தட்டோடு சுனேஜா உள்ளே வந்தார். அறுபத்தைந்து வயது, குரல் மட்டும் முப்பது.

"மேடம், எங்க சரக்கு அப்பாவோட காலத்துலேர்ந்து சுத்தம்" என்றார் இந்தியில், நெஞ்சைத் தட்டிக்கொண்டு. "இந்த உலையில ஒரு கிராம் கபாட், பழைய சாமான், விழுந்ததில்ல. ஜீரோன்னா ஜீரோதான். மேடம் ஜியைக் கேளுங்க."

கவிப்ரியா வள்ளியம்மையைப் பார்த்தாள். வள்ளியம்மை டீத் தட்டைப் பார்த்தாள்.

"அச்சா" என்றாள் கவிப்ரியா. கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னாள். "அப்போ நம்பர் மாறாது. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு வெளி ஆளுங்க ரெண்டு பேர் செக் பண்ண வருவாங்க, நானும் வருவேன். கடைசி அஞ்சு பேர்கிட்ட மட்டும். எழுதினதும் இங்க இருக்கறதும் ஒண்ணா இருந்தா சிவப்புலயே ஒரு வருஷம் டைம் தருவோம். அதுக்குள்ள மாறிக்கலாம். வேற வேறயா இருந்தா அன்னிக்கே லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவாங்க. நல்லதா மாறியிருந்தாலும் சரி, கெட்டதா மாறியிருந்தாலும் சரி. பொய்னா பொய்தான்."

"வரட்டும், வரட்டும்" என்றார் சுனேஜா. "லட்டு வாங்கி வெக்கிறேன்."

அவள் போன பிறகு வள்ளியம்மை லேப் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு விளக்கினாள். முதலில் அவருக்கு ஏறவே இல்லை.

"கபாட் நல்லதா? கபாட்டுக்கு மரியாதையா?"

"அதைத்தான் அந்தப் பொண்ணு ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டிருக்கு. மண்டபத்துல அன்னிக்கு அதைத்தான் சொன்னா. நீங்க சமோசா சாப்பிட்டு எழுந்து போயிட்டீங்க."

"அப்படின்னா எண்பதுன்னு மாத்திப் போடுங்க. நாமதான் ஃபர்ஸ்ட்." அவர் முகம் மலர்ந்தது. "முப்பது வருஷமா நாம உலகத்துக்கு முன்னாடி போயிட்டிருக்கோம், நமக்கே தெரியல பாருங்க."

"எண்பதுக்குக் கணக்குக் காட்டணும். சக்கரம் யார்கிட்ட வாங்கினோம், பில் எங்கே?"

அவர் டீத் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அது போகட்டும். நாம கொடுத்த சர்டிபிகேட் எல்லாம் அவங்க ஃபைல்ல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் புது இங்காட்டுன்னு இருக்கு. கீழே என் கையெழுத்து இருக்கு. எண்பதுன்னு இன்னிக்குப் போட்டா, எப்பலேர்ந்துன்னு கேப்பாங்க."

"இந்த மாசத்துலேர்ந்துன்னு சொல்லுங்க."

"உலோகத்தை மாத்தறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும்னு வரைபடத்துலயே இருக்கு."

சுனேஜா நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையிலிருந்த வில்லையை எடுத்து உருட்டினார். அவள் ராவிய முகத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்தது.

"நாம திருடலையே மேடம் ஜி" என்றார் கடைசியில். "ஒரு பம்பாவது உடைஞ்சு திரும்பி வந்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் அவர் கையிலிருந்து வில்லையை வாங்கி மறுபடி வைஸில் இறுக்கினாள்.

துவாரகாவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. ரத்தினவேல் பால்கனியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை, ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அவள் கோதுமை மாவைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்டோரில் இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை உண்டு.

"எங்க ஸ்டோர்ல தப்பா எழுதினா, சிவப்பு மையில அடிச்சுப்போட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுவோம் புள்ள. அவ்வளவுதான்."

"ஒரு வரின்னா அடிக்கலாமுங்க. பதினெட்டு வருஷத்தை எப்படி அடிக்கிறது?"

"ஊர்ல அவனவன் மட்டத்தை ஒளிச்சு வெச்சு நல்லதுன்னு விப்பான். நீங்க நல்லதை ஒளிச்சு வெச்சு வித்திருக்கீங்க. இப்படி ஒரு யாவாரத்தை நான் கேட்டதே இல்ல."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குது."

"சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? அந்தப் புள்ளைக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லு. நம்மூர்ப் புள்ளதானே. வழி ஏதாச்சும் சொல்லும்."

அவருக்குத் தட்டில் மூன்று சப்பாத்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். கவிப்ரியா எடுத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: எண்பது சதவீதம் பழைய சக்கரம், ஆரம்பத்திலிருந்தே, தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது அதுதான், சர்டிபிகேட்டில் கலவை எண்கள் எல்லாம் நிஜம், கடைசி வரி மட்டும் பொய், கையெழுத்து என்னுடையது.



"ஆன்ட்டி, இதை நீங்க என்கிட்ட சொல்லல" என்றாள் கவிப்ரியா.

"சொல்லிட்டேனே கண்ணு."

"இல்ல. நான் கேட்டேன்னா ரிப்போர்ட் எழுதணும். எழுதினா போன பம்பெல்லாம் திரும்ப செக் பண்ணணும்பாங்க. ஜெர்மனி வரைக்கும் போகும். உங்க பேரு அன்னிக்கே போயிடும். என் பேரும் கொஞ்சம் போகும், பரவால்ல."

"சரி, அதை விடு. இனிமேலுக்கு ஒழுங்கா பண்ணோணும்னா? சக்கரம்தான் போடுறோம்னு எழுதிக் கொடுத்து, பெர்மிஷன் கேட்டா?"

"கேக்கலாம் ஆன்ட்டி. முதல்ல சேம்பிள் வார்த்துத் தரணும், அதை இங்க டெஸ்ட் பண்ணணும், அப்புறம் ஜெர்மனியில டெஸ்ட் பண்ணணும். எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் புது மெட்டலுக்கும் ஆர்டர் கிடையாது, அது ரூல்."

"எட்டு மாசம் இருபத்தாறு பேர் என்னத்தைத் தின்பாங்க?"

"தெரியும். அப்புறம் சக்கரம் விக்கறவங்க பில் குடுக்கணும். எந்தக் காரு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு."

வள்ளியம்மைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "மாயாபுரியிலயா?"

"ம்." கவிப்ரியாவும் சிரித்தாள், உடனே குரல் இறங்கிவிட்டது. "ஆன்ட்டி, நான் ரெண்டு வருஷமா நாப்பது பேர்கிட்டயும் பழசை யூஸ் பண்ணுங்க, பழசை யூஸ் பண்ணுங்கன்னு கெஞ்சிட்டிருக்கேன். அதை நிஜமா பண்றவங்க நீங்க ஒருத்தர்தான். பச்சையில இருக்கறவங்கள்ல பாதிப் பேர் பேப்பர் நல்லா வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். என்னால உங்களை மேல ஏத்த முடியல."

"இப்போ என்னதான் பண்ணச் சொல்ற?"



"பதினோரு மணிக்கு ஜீரோ உண்மையா இருக்கணும் ஆன்ட்டி."

வள்ளியம்மைக்கு அது புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும், சரி கண்ணு என்று போனை வைத்தாள். ரத்தினவேல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சொல்லுது?"

"சக்கரத்தையெல்லாம் வித்துப்போட்டு நிலக்கரியில காய்ச்சின புதுக் கட்டியைப் போடச் சொல்லுது."

"அந்தப் புள்ளையோட வேலையே அதை வேண்டாங்கறதுதானே?"

"ஆமாங்க." அவள் மாத்திரை டப்பாவைத் திறந்து அவர் கையில் இரண்டு மாத்திரை வைத்தாள். "ஏழு தாண்டிப் போச்சு. போடுங்க."

பிறகு சுனேஜாவுக்குப் போன் செய்தாள். அவர் அதே முடிவுக்கு ஏற்கெனவே வந்து, டெம்போவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். முப்பது வருஷம் தொழில் செய்தவருக்கு இதெல்லாம் யாரும் விளக்கத் தேவையில்லை. புது இங்காட்டு இரண்டு டன், பக்கா பில்லோடு, காலை எட்டு மணிக்கு வரும் என்றார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் மெட்ரோவில் ஏறி, ராஜௌரி கார்டனில் மாறி, ஆறரைக்கெல்லாம் பட்டறைக்குப் போய்விட்டாள். முற்றத்தில் தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். இரண்டு டெம்போக்களில் சக்கரங்களை வீசி ஏற்றினார்கள். ராஜஸ்தான் எல்லையில் ஒரு பட்டறைக்காரர் எடுத்துக்கொள்கிறார்; அங்கே அதை உருக்கி என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. ஈயத் துண்டுகளும் பித்தளை வால்வுகளும் கிடந்த டின்களைக்கூட வள்ளியம்மை நினைவாக ஏற்றச் சொன்னாள். குவியல் இருந்த இடத்தில் தரை கறுத்துக் கிடந்தது. தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தேய்க்கச் சொன்னாள். முழுதும் போகவில்லை.

எட்டே காலுக்கு இங்காட்டு லாரி வந்தது. கட்டிகளை உலையில் போட்டார்கள். நெம்புகிறவனுக்கும் பிடுங்குகிறவனுக்கும் வேலை இல்லாததால் சுவரோரம் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். வள்ளியம்மை வில்லையை ராவி மெஷினில் வைத்தாள். இரும்பு 0.09. இவ்வளவு குறைந்த எண்ணை அந்த மெஷினில் அவள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். ஊற்றச் சொன்னாள்.

பதினொன்று பத்துக்கு இருவர் வந்தார்கள். கவிப்ரியா அவர்களுக்குப் பின்னால் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர்கள் இங்காட்டின் முத்திரையைப் படம் எடுத்தார்கள். பில்லைப் படம் எடுத்தார்கள். காலி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"மறுசுழற்சி உலோகம்?" என்று கேட்டார் மூத்தவர்.

"ஜீரோ" என்றாள் வள்ளியம்மை.

அவர் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகிறது, ஒரு வருஷம் அவகாசம் என்று சுனேஜாவின் கையைக் குலுக்கினார். சுனேஜா லட்டு நீட்டினார். வள்ளியம்மை தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு சப்பாத்தியைச் சுருட்டிக் கவிப்ரியாவின் கையில் வைத்து, நின்றபடியே தின்னச் சொன்னாள். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் தின்றாள்.

கிளம்புவதற்குமுன் கவிப்ரியா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தாள். சிவப்பில் இருக்கும் பட்டறைகள் எல்லாவற்றிலும் இதை ஒட்ட வேண்டும், ஒட்டியதைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள், வள்ளியம்மையின் முகத்தைப் பார்க்காமல். இந்தியில் பெரிய எழுத்து: பழைய உலோகத்தைப் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். கீழே பச்சை இலையோடு ஒரு சக்கரத்தின் படம்.

வள்ளியம்மை ஸ்டூலில் ஏறி, மெஷினுக்கு மேலே சுவரில் அதை விரித்துப் பிடித்தாள். நான்கு மூலைக்கும் டேப் ஒட்டினாள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொரு துண்டு கிழித்து அதன்மேல் அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினாள். கவிப்ரியா படம் எடுத்துக்கொண்டாள்.